தகட்டுக்கு வைத்த பொட்டு

தொட்டி நிரம்பி வழிந்தது. மணி அடிக்கவில்லை.

மேலிருந்து கொட்டிய தண்ணீர் நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் சேவுகனின் சலவைச் சட்டையில் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

எலக்ட்ரீஷியன் நாகராசு பல்லைக் கடித்தான். புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி இந்தப் பட்டிக்காட்டுக்கு வந்து உயிரை விட்டது இதற்குத்தானா?

ஏற்பாடு என்னவோ சின்னப் பிள்ளைக்கும் புரியக்கூடியதுதான். தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் மிதவை எழும்பி இரண்டு செப்புத் தகடுகளைச் சேர்த்துவைக்கும். உடனே கீழே மோட்டார் அறையில் மணி அடிக்கும். மோட்டார்காரர் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வந்து மோட்டாரை நிறுத்தி, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்குகிறவரை மணி ஓயாது.

தண்ணீர் விழுகிற வேகத்தில் மிதவை குதித்தால் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும். அதற்காக மிதவையை ஒரு குழாய்க்குள் அடக்கி வைத்திருந்தான். அந்தச் சாமர்த்தியத்தை மெச்ச இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை.

தேங்காய் உடைக்கத்தான் ஆள் இருந்தது. மணிக்குச் சந்தனம், மோட்டாருக்குக் குங்குமம், அறை வாசலுக்கு மாவிலை. கரண்டு வந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அதையும் சாமியாக்கிவிட்டார்கள்.

எல்லாரையும்விட அவனுக்கு எரிச்சல் மூட்டியவர் மோட்டார்காரர் அடைக்கலம். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அந்த மனிதர் நாளெல்லாம் இரும்பு ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர். முட்டி தேய்ந்த வயதில் இனி ஏற வேண்டாம் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? காலையிலிருந்து ஒரே பல்லவி.

“அந்தப் பொத்தான மட்டும் மேல வச்சிருங்க தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“யோவ், நீ ஏறாம இருக்கத்தான்யா இந்த மணியே!” என்று எரிந்து விழுந்தான் நாகராசு. இப்படி ஒரு மரமண்டையை அவன் பார்த்ததில்லை.

மரமண்டை மட்டுமா? கல்நெஞ்சும்கூட. டீக்கடையில் சொன்னார்கள். மகள் செவந்தி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கீழத்தெருவில் குடியேறியதும், சேவுகன் கரையில் நின்று பார்த்திருக்க, ஊருணியில் முங்கி எழுந்து மகளைத் தலைமுழுகிவிட்டாராம். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லையாம். படுத்தால் மோட்டார் வேலை போய்விடும், ஊரிலும் ஒதுக்கிவைத்துவிடுவார்கள்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி பண்ணுகிற ஜென்மம், அவனுக்குப் புண்ணியம் சேர்த்துத் தருகிறதாம்! நாகராசு காறித் துப்பிவிட்டு ஏணியில் ஏறினான்.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

தகட்டுக்கும் பொட்டு! இரண்டிலும் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து, ஒன்றை ஒன்று தொடவிடாமல் நின்றது. காலையில் மேலே ஏறிக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தவர் அடைக்கலம்தான். இந்தப் பைத்தியக்காரத்தனம் வேறு எந்த ஊரில் நடக்கும்?

திருப்புளியால் சுரண்டினான். கீழே மணி அலறியது. கூட்டம் கைதட்டியது.

நெற்றி வியர்வையைத் துடைத்தபடி திரும்பியவனுக்கு அப்போதுதான் ஊர் முழுவதும் தெரிந்தது. கீழத்தெருவின் கடைசி வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மணிச் சத்தத்தில் நிமிர்ந்தவள், தொட்டியின் மேல் ஆள் நிற்பதைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடினாள். வரும்போது இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

குழந்தையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கித் தொட்டிக்குக் காட்டினாள். இப்படியும் அப்படியும் திருப்பி, முகம் நன்றாகத் தெரியும்படி காட்டினாள்.

பிறகு நிற்பவன் போட்டிருந்த காக்கிச் சட்டை அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று குழந்தையை இறக்கி மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாகராசு திருப்புளியின் முனையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். அது பக்தியில் வைத்த பொட்டு இல்லை.

அப்போதும் அடைக்கலத்தின் மேல் அவனுக்கு மரியாதை வந்துவிடவில்லை. இரண்டு தெரு நடக்கத் தைரியம் இல்லாமல் ஆகாசத்துக்கு ஏறுகிற மனுஷன். கோழை. கோழை என்று திட்டிக்கொண்டேதான் இறங்கினான்.

மோட்டார் அறையில் மணியை நிறுத்தினான். சுவரிலிருந்த பொத்தானைக் கழற்றினான். மிச்சமிருந்த வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் இன்னொரு முறை தொட்டியை நிரப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் வழியவில்லை. மணி அடித்தது. அடைக்கலம் மோட்டாரை நிறுத்தினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏணியில் கால் வைத்தார்.

மணியை நிறுத்த ஒரு கிழவன் அவ்வளவு உயரம் ஏற வேண்டுமா, பொத்தானைக் கீழேயே வைத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டார் சேவுகன். அவருடைய சட்டை இன்னும் காயவில்லை.

நாகராசு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“இது கரண்டு சமாச்சாரம் தலைவரே. ஒங்களுக்கெல்லாம் சொன்னா வெளங்காது.”