ஐந்து நிமிட அறிமுகம்

கொல்லப்பட்டவரின் உறவினர் கொன்றவரைச் சுடலாம். ஆனால் அதற்கு முன் கொன்றவரிடமே அவரைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். அதுதான் சட்டம். நாற்காலியில் கட்டப்பட்டிருந்த என்னிடம், மடியில் துப்பாக்கியுடன் எதிரே இருந்த பாக்கியத்தம்மாள் கேட்டார்.

"சொல்லு தம்பி, என்ன படிச்சிருக்க?"

"எம்.எஸ்சி. புள்ளியியல்ங்க."

பொழுதுபோக்கு கேரம் என்றேன். கல்யாணமான புதிதில் வால்பாறை போனதையும், படிக்கும்போது பந்தி பரிமாறியதையும், கார் கழுவியதையும் சொன்னேன்.

இவருடைய மகன், என் மனைவி இளவேனியைக் கழுத்துச் சங்கிலிக்காகக் கம்பியால் அடித்துக் கொன்றவன். போன மாதம் இதே அறையில் அவனைச் சுட்டேன். முதல் குண்டு தாடையில் பட்டது. சாகவில்லை. மறுபடியும் சுட்டேன்.

"எம்புள்ள என்ன சொன்னான்?"

"மார்க்கெட்டுல மூட்டை தூக்கினதைச் சொன்னாருங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

அவர் தலையசைத்தார். "குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. நாலு வயசு."

அவர் கதவோரம் நின்ற அதிகாரியிடம் திரும்பினார். "அது என்னைச் சுடுமா சார்?"

"பதினெட்டு வயசானா உரிமை உண்டும்மா."

"இன்னும் பதினாலு வருஷம். அதுக்குள்ள நானே போய்ச் சேந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை இரண்டு கைகளாலும் தூக்கினார்.