இருபது சதவீதம்

"இது எதுக்கு? இது எதுக்கு? அட, இது எதுக்குங்கறேன்?"

அக்காவின் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார் அத்தான். ஸ்வெட்டர், சால்வை, கம்பளி சாக்ஸ், மடக்குக் குடை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை ரயில். நாங்கள் ரெண்டு ஜோடியும் வடக்கே ஒரு மலை ஊருக்குக் கிளம்புகிறோம். அக்கா போன மாசம்தான் நெஞ்சுச் சளியில் பத்து நாள் படுத்து எழுந்தவள். இன்னும் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவள் ஸ்வெட்டரை வெளியே எடுத்துப் போடுகிற மனுஷனை என்னவென்று சொல்ல?

"அத்தான், கோடை ஆரம்பத்துல அங்கே எதையும் நம்ப முடியாதாம். காலைல வெயில் கொளுத்துமாம், மத்தியானம் ஆலங்கட்டி விழுமாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் வானிலை ஆபீசிலயா வேலை பார்க்கறாங்க?"

அத்தானுக்கு அங்கே இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். தினமும் சாயங்காலம் 'நாளை வானம் தெளிவாக இருக்கும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவர்தான். மறுநாள் மொட்டை மாடியிலிருந்து நனைந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடி வருவது அக்கா.

"நாலு நாளும் வெயில்தான் மாப்ள. எழுதி வச்சுக்கோ. அரைக்கைச் சட்டை போதும்."

"எங்க ஆபீஸ் விளையாட்டுப் போட்டி அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. கயிறு இழுத்த ரெண்டு கோஷ்டியும் சேத்துல உட்கார்ந்துச்சு."

"அது திடீர்னு காத்து திசை மாறிடுச்சு."

"பாவம், காத்துக்கு உங்க சர்க்குலர் போய்ச் சேரலை போல."

அத்தான் முகம் சிவந்துவிட்டது. அக்கா குறுக்கே வந்தாள்.

"விடுடா. அவர் பார்த்துப்பார்" என்று பெட்டியை மூடினாள். ஒரு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசாகிவிட்டது. இப்படியும் ஒரு அப்பாவி உண்டா!

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை.

"தன் கௌரவத்துக்காகப் பொண்டாட்டியைக் குளிர்ல விறைக்க வைக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்று என் மனைவியிடம் பொரிந்து தள்ளிக்கொண்டே என் பெட்டியை அடுக்கினேன்.

"நம்ம ரெண்டு பேர் துண்டு, போர்வை, மருந்தெல்லாம் வச்சதுல என் பெட்டி நிறைஞ்சு போச்சுங்க. என் ஸ்வெட்டரை உங்க பெட்டியில வைக்கட்டுமா?" என்றாள்.

"இங்கே எங்கே இடம்? எனக்கே ஜிப் போட முடியலை. உனக்கு எதுக்கு இப்போ ஸ்வெட்டர்? அதான் அத்தான் வெயில்னு சொல்லிட்டாரே!"

ஒன்றரை நாள் பயணம். இறங்கும்போது அத்தான் தன் பெட்டியைத் தூக்க முடியாமல் முக்கினார்.

"என்ன அத்தான், வெயிலை மூட்டை கட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

அவர் வானத்தைக் காட்டினார். பளிச்சென்று நீலம். ஒரு பொட்டு மேகமில்லை. அவர் நடையே மாறிவிட்டது.

அந்த நடை சரியாகப் பத்து நிமிஷம் நீடித்தது. டாக்சிக்கு நிற்கும்போதே எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது, வானம் இருட்டியது, மண்டையில் நங்கென்று ஆலங்கட்டி! நாலு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் தகரக் கூரைக்கு அடியில் ஓடினோம்.

நான் பெட்டியைத் திறந்து ஜாக்கெட்டைப் போட்டேன். மப்ளரைச் சுற்றினேன். குல்லா, கையுறை எல்லாம் ஆயிற்று. பிறகு நிதானமாகத் திரும்பினேன்.

"என்ன அத்தான், வெயில் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"

அக்கா லொக்கென்று இருமினாள். நான் அத்தானை முறைத்தேன்.

அத்தான் தன் பெட்டியைப் பெஞ்சில் வைத்துத் திறந்தார். அக்காவின் ஸ்வெட்டர், சால்வை, கம்பளி சாக்ஸ், மடக்குக் குடை. கட்டிலில் கிடந்த அதே சாமான்கள். ஓரத்தில் அவருடைய அரைக்கைச் சட்டை ரெண்டே ரெண்டு.

"வெயில்னு சொன்னீங்களே அத்தான்?"

"எண்பது சதவீதம் வெயில், இருபது சதவீதம் மழைன்னு வந்துச்சு. எண்பதை உங்ககிட்ட சொன்னேன். இருபதைப் பெட்டியில வச்சேன்." அக்காவுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். "அவ பெட்டியில இருந்தா அவதானே தூக்கணும்? நான் வாங்கிக்கறேன்னா விடறாளா?"

"எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அக்கா, சால்வைக்குள்ளிருந்து.

"அப்போ உங்களுக்கு ஸ்வெட்டர்?" என்றேன்.

"வெயில்னு சொன்னவன் ஸ்வெட்டர் போட்டா ஆபீஸ் மானம் என்னாகறது?" அவருக்குப் பல் தந்தியடித்தது. ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

பிறகு பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை உருவி என் பின்னால் நீட்டினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி மூலையில் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா. உங்க அண்ணியோடதுதான். கொஞ்சம் லூசா இருக்கும், போட்டுக்கோ."

"எனக்கும் எடுத்து வச்சீங்களாண்ணா?"

"மாப்ள பெட்டியில உன் துணிக்கு இடம் இருக்காதுன்னு தோணிச்சு. அது மட்டும் நூறு சதவீதம்மா."

நான் மெதுவாக மப்ளரை அவிழ்த்தேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அத்தானின் முன்னறிவிப்பு அச்சுப் பிசகாமல் பலித்தது அதுதான் முதல் தடவை.