இரண்டாவது பிரேக்

"ஹாரனை ஏம்மா அமுக்குறே? ஹாரன் அடிச்சா வண்டி நின்னுடுமா?"

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மாஸ்டர் அலறினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அவர் மனைவி. ஆளில்லாத மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் குலுங்கிக் குலுங்கி ஊர்ந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "உனக்குப் பொறுமை பத்தாது" என்று தட்டிக்கழித்தார். அவருக்கு எவ்வளவு பொறுமை என்பது அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

பல வருஷமாக அவருக்கு சிறுநீரகக் கோளாறு. வாரம் தவறாமல் டயாலிசிஸ். அது போதாதென்று திடீரென ரத்தக் கொதிப்பு எகிறி, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. பிழைத்ததே பெரிய விஷயம். வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. வலது கால்தான் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தம் லேசுல உறையாது மாஸ்டர். அதான் கசிவு பெருசாயிடுச்சு. டயாலிசிஸ் அசதி வேற. மத்தவங்களைவிட மெதுவாத்தான் தேறுவீங்க. ஆனா கால்ல தெம்பு இருக்கு. நீங்கதான் முயற்சியே பண்ண மாட்டேங்கறீங்க" என்று பிசியோதெரபி பெண் தினமும் தொண்டை வற்றக் கத்தினாள்.

"செத்த காலை எழுப்பி என்ன பண்ணப் போறே?" என்று மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்படியே விட்டால் மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவாரே என்று மனைவி பயந்தாள்.

"இனிமே உங்களை ஆஸ்பத்திரிக்கு யாருங்க கூட்டிட்டுப் போவா? ஒழுங்கா எனக்குக் கத்துக்குடுங்க" என்று பிடிவாதம் பிடித்து, இன்று அவரைக் காரில் ஏற்றிவிட்டாள். துணைக்குப் பின் சீட்டில் பிசியோதெரபி பெண், ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியோடு.

"மெதுவாக்கா. நடக்கிற வேகம்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அவள்.

"கிளட்ச்! கிளட்ச்சை அமுக்கு!"

"எதுங்க கிளட்ச்? நடுவுல இருக்கறதா?"

"ஐயோ, அது பிரேக்!"

"அப்ப இது?"

கார் உறுமியது.

"அது ஆக்ஸிலேட்டர்! காலை எடு! உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

மைதானத்து ஓரத்தில் காலி அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கார் நேராக அதை நோக்கி ஆடி அசைந்து போனது.

"பிரேக் புடி!"

"புடிக்க மாட்டேங்குதுங்க!"

பயிற்சி கொடுக்கும் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எத்தனை பேரை எத்தனை சுவரில் மோதாமல் காப்பாற்றிய பிரேக் அது! "அடியேய்!" என்று கத்திக்கொண்டே மாஸ்டர் ஓங்கி மிதித்தார். பெட்டிகளுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"மாஸ்டர்! எந்தக் காலால மிதிச்சீங்கன்னு பாருங்க!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு கூச்சல்.

குனிந்து பார்த்தார். பெடல்மேல் இருந்தது வலது கால். கண் கலங்கியது. பெண்டாட்டி பார்த்துவிடப் போகிறாளே என்று சட்டென்று துடைத்துக்கொண்டு, மீசையை முறுக்கினார்.

"பாத்தியா? என் பிரேக் மட்டும் இல்லேன்னா இந்நேரம் பெட்டிக்குள்ள போயிருப்போம். உனக்கு இந்த ஜென்மத்துல ஓட்ட வராது!"

"உங்க பிரேக்கா? அந்தப் பெடலோட கம்பியைக் காலையிலேயே மெக்கானிக்கை விட்டுக் கழட்டியாச்சுங்க. வண்டியை நிறுத்துனது நான்."

சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தாள். ஒரே வளைப்பில் திருப்பி, ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அலுங்காமல் குலுங்காமல் காரைச் சாலையில் சேர்த்தாள். மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

"நீங்க டயாலிசிஸ்ல படுத்திருந்தப்பல்லாம் நான் வெளியில சும்மா உக்காந்திருந்தேன்னா நெனச்சீங்க? நம்ம ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற டிரைவிங் ஸ்கூல்ல சேந்து, போன வருஷமே லைசென்ஸ் வாங்கியாச்சு!"