ஞாயிற்றுக்கிழமை ஓடாது

ஆப் யோசித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் போன் திரையில், அவர் எடுத்த பழைய வளையத்தின் படத்துக்கு மேல் நீல வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

“என்னம்மா, உன் மெஷின் தூங்கிடுச்சா?” என்றார் முதலாளி. கண்ணாடி அறையில் இருந்தது ஒரே நாற்காலி; அதில் அவர் சாய்ந்திருந்தார்.

“அரை நிமிஷம் ஆகும் சார்” என்றாள் ஆப் செய்தவள், நின்றபடியே.

குரல் மட்டும் நிதானமாக இருந்தது. ஏற்கெனவே மூன்று கடைக்காரர்கள் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றுவிட்டு யோசிக்காமலே இருந்துவிட்டார்கள். வீட்டின் முதல் பட்டதாரி சொந்தமாகத் தொழில் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது; இந்தப் பம்ப் உதிரிபாகக் கடையும் கைவிட்டால், வாடகை அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு எவனிடமாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

வட்டம் நின்றது. எழுத்து வந்தது: ‘சீல் வளையம். இரண்டாம் நம்பர். ஆறாவது ரேக், கீழ்த்தட்டு, பின்வரிசை.’

முதலாளி மணியைத் தட்டினார். கவுண்ட்டர்க்காரர் வந்து திரையைப் பார்த்துவிட்டு ஓடினார், போன வேகத்தில் வளையத்தோடு திரும்பினார்.

“அங்கேயே இருக்கு சார்! காலைலேர்ந்து இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ரெண்டு கஸ்டமர் திட்டிட்டுப் போயிட்டாங்க.”

“நீ எதைத்தான் தேடாம எடுத்திருக்கே?” என்ற முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “பத்தொன்பது வருஷமா ஸ்டோர்ல ஒரு அம்மா இருந்தாங்க. எது எங்கே இருக்குன்னு எல்லாம் மனசுக்குள்ளயே வெச்சுப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துங்கன்னா கை நடுங்கும். ரெண்டு மாசம் முன்னாடி அனுப்பிட்டேன்.”

“அன்னைலேர்ந்துதான் சார் எனக்கு இந்தத் தேடல்” என்றார் கவுண்ட்டர்க்காரர்.

“உன்னைக் கேட்டேனா?”

ஆப் செய்தவள் குறுக்கிட்டாள். “இனிமே தேட வேண்டாம் சார். உங்க ஸ்டாக் லிஸ்ட், கம்பெனி ஆர்டர், போன் கேமரா மூணையும் ஒண்ணாக் கோத்திருக்கேன். இவர் படம் எடுத்தாப் போதும். பொருள் எங்கே இருக்குன்னு பதில் வரும். தீர்ந்துபோயிருந்தா ஆர்டரும் போயிடும்.”

முதலாளிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. குனிந்து, நாற்காலிக்கு அடியில் கிடந்த ஏதோ ஒன்றைப் பொறுக்கி மேசைமேல் வைத்துப் படம் எடுத்தார். “இதைச் சொல்லட்டும் பார்ப்போம்” என்று கண் சிமிட்டினார்.

வட்டம் சுற்றியது. அரை நிமிடம் தாண்டியது. ஒரு நிமிடமும் தாண்டியது.

‘துருவைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கவும்.’

“அடேங்கப்பா, என்னையே அதட்டுது!” முதலாளி சட்டை நுனியால் தேய்த்துவிட்டு மறுபடி எடுத்தார்.

‘இது பம்ப் பாகம் இல்லை. நாற்காலிச் சக்கரத்து வாஷர். இதை மாட்டும்வரை அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம்.’

முதலாளி விருட்டென்று எழுந்தார். கவுண்ட்டர்க்காரர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் முதலாளியே சிரித்துவிட்டார்.

“எடு ஒப்பந்தத்தை. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?”

அவள் தாள்களை மேசைமேல் வைத்தாள். “பதினோராவது பக்கத்துல பதில் எப்படி வருதுன்னு விவரமா எழுதியிருக்கேன் சார். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“எப்படி வந்தா எனக்கென்ன? வருதுல்ல, அது போதும்.” பேனாவைத் திறந்தவரின் கண் முதல் பக்கத்தில் நின்றது. “இதென்ன, காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் ஓடுமா?”

“ஆமா சார். நடுவுல ஒரு மணி நேரம் ஓடாது. ஞாயித்துக்கிழமையும் ஓடாது.”

“மெஷினுக்கு எதுக்கும்மா லீவு?”

“விடாம வேலை வாங்கினா எதுவுமே கெட்டுப்போகும் சார்.”

முதலாளி தாடையைத் தடவினார். “நியாயம்தான். காசு போட்டு வாங்கறோம். பொருளைப் பத்திரமாத்தானே வெச்சுக்கணும்.”

கவுண்ட்டர்க்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் பார்த்து வருஷக்கணக்காகிறது. “சார், அப்ப எனக்கும் ஞாயித்துக்கிழமை...”

“நீ என்ன மெஷினா?”

கேட்டுவிட்டு, முதலாளி நின்றபடியே எல்லாப் பக்கத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். பதினோராவது பக்கத்திலும் போட்டார்.

அவள் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை வரைக்கும் நிதானமாக நடந்தாள். முனை திரும்பியதும் வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

“அம்மா, இன்னிக்குப் பதில் சொன்னது போதும். அனுப்பின முதலாளியே உன்னை மறுபடியும் வேலைக்கு எடுத்துட்டாரு!”