எடுத்தாச்சு

பாதி திறந்த மேசை டிராயருக்குள் கிடந்த ஆஸ்துமா இன்ஹேலருக்குக் காலை ஏழு மணி ஆனாலே ஏக்கம் பொங்கும். மேசைமேல் இருக்கும் செல்போன் மணியடித்து, "ஆதிரை, மருந்து எடுத்தாச்சா?" என்று கேட்கும். பத்தாம் வகுப்புக்காரி "எடுத்தாச்சு" என்பதை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு ஓடிவிடுவாள்.

"முப்பது நாளா ஒருநாள்கூடத் தவறல! என் கணக்கைப் பார்த்து அவங்கம்மாவே இதயக்குறி அனுப்பிட்டாங்க" என்று பீற்றிக்கொண்டது செல்போன்.

"அண்ணே, அவ என்னைத் தொட்டே முப்பது நாளாச்சு. மாடிப்படி ஏறி வந்தா அவ நெஞ்சு விசிலடிக்கிறது எனக்கு இங்கே கேக்குது" என்றது இன்ஹேலர்.



மறுநாள் ஏழு மணிக்குச் செல்போன் அதிர்ந்து அதிர்ந்தே நகர்ந்து டிராயருக்குள் விழுந்தது. அதைத் தேடித் துழாவிய ஆதிரையின் விரல்கள் முதலில் இன்ஹேலரைத்தான் தொட்டன. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.