சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை.

"பேட்டரி புதுசு மாப்ள" என்றார் மாமா. என் அக்காவின் கணவர். இந்த மைதானத்துப் புல்லை வருடக்கணக்காக இதே வண்டியில் உட்கார்ந்து வெட்டுகிறவர்.

நான் மெக்கானிக்; புதுசு என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். புதுசுதான்.

ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நன்றாக இருந்தது. பெட்ரோல் இருந்தது. பிளேடு லீவர் ஆஃபில்தான் இருந்தது. பிரேக் மிதியைக் கையாலேயே அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தும் வண்டி மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

மேனேஜர் ஷெட் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. இன்று வெட்டாவிட்டால் நாளை முதல் வெளி ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வண்டியோடு வருவார்கள். மாமாவுக்கு இங்கே வேறு வேலை கிடையாது.

எனக்குத்தான் படபடப்பு. அவரோ சீட்டில் உட்கார்ந்து, யாரோ வீட்டு வண்டி மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எறங்குங்க மாமா. உக்காந்தே சம்பளம் வாங்கிப் பழகிட்டீங்க."

சிரித்துக்கொண்டே இறங்கினார்.

நான் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருகினேன்.

கிளம்பிவிட்டது.

எனக்கு வாயெல்லாம் பல். நிறுத்திவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் திருகினார். ஊகூம். மறுபடி நான். கிளம்பியது. மறுபடி அவர். ஊகூம்.

சீட்டைத் தூக்கினேன். அடியில் இரண்டு ஸ்பிரிங், நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்தால் பாரத்தில் சீட் இறங்கி ஸ்விட்சை அமுக்கும். அமுங்கினால்தான் வண்டி ஓடும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு உடனே நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் குறை இல்லை. ஸ்விட்சிலும் குறை இல்லை.

மாமா பெரிய உடம்புக்காரர். கல்யாண போட்டோவில் அவர் பக்கத்தில் அக்கா பாதிதான் தெரிவாள். கொஞ்ச காலமாக நடைப்பயிற்சி, இனிப்பை விட்டாயிற்று என்று சொல்லியபடி இளைத்துக்கொண்டே வந்தார். வயசு திரும்புது பாருங்க என்று நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரை மறுபடி உட்கார வைத்தேன். பின்னால் போய் நின்று, இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தினேன். சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டிருந்தார். அதற்குள் எலும்புதான் தட்டுப்பட்டது.

"இப்ப திருகுங்க மாமா."

வண்டி கிளம்பியது.

ஸ்விட்சின் ஒயர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் போதும், யார் உட்கார்ந்தாலும் ஓடும். அவர் வேலை பிழைத்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த உடம்பு ஒரு குலுக்கலுக்குத் தாங்குமா? கீழே விழுந்த பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று நினைத்தேன்.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் முதுகிலும் பட்டிருக்க வேண்டும்.

"உங்க அக்காதான், எடு" என்றார், திரும்பாமலே. "டாக்டர் சொன்னதை உன்கிட்ட சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. வண்டி கிளம்பலன்னு கூப்பிடுங்க, எப்படியும் அவனே கழட்டிப் பாத்து கண்டுபிடிச்சிடுவான்னு அவதான் சொன்னா."

போனை எடுக்க வேண்டுமானால் அவர் தோளிலிருந்து ஒரு கையை விலக்க வேண்டும். விலக்கினால் வண்டி நின்றுவிடும்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.