ஆமென் எப்போ வரும்

"...ஜோலார்பேட்டை வழியா போற ரயிலுங்களை ஓட்டுற டிரைவருங்களையும் ஆசீர்வதியும் ஆண்டவரே..."

ஹெலன் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பெனி பஸ் பைபாஸ் முனைக்கு வரும் நேரம். மாமா இன்னும் ரயிலைவிட்டு இறங்கின பாடில்லை.

தினமும் இதே பேஜார்தான். மாமனார் இன்பராஜ் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைக் குடும்ப ஜெபம் அவர் பொறுப்பு. வேதத்தில் ஒரு பகுதி வாசிப்பார், விளக்கம் சொல்வார். அதோடு விட்டால் பரவாயில்லை. ஆற்காட்டு அத்தையின் முட்டிவலியில் ஜெபத்தைத் தொடங்கி, பாலாற்றில் தண்ணீர் வர, எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பெண் கிடைக்க என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஆமெனுக்கு வருவார்.

அன்றைய தியானம் பொறுமையைப் பற்றி. ஹெலனிடம் அது சுத்தமாகத் தீர்ந்து போயிருந்தது.

மடியில் செல்போன் அதிர்ந்தது. மஹ்பூபி. இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனி, ஒரே பஸ். முனையில் நின்றுகொண்டு கூப்பிடுகிறாள்.

"...நாடாளுற தலைவருங்களுக்கும் நல்ல ஞானத்தை..."

"ஆமென்" என்று ஹெலனே முடித்துவிட்டு, டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, சூப்பர்வைசர் சீனிவாசன் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"இன்னாம்மா, இந்த மாசம் எத்தனாவது வாட்டி? அரை நாள் லீவ் எழுதிக் குடுத்துட்டு உள்ள போ. இனிமே லேட்டா வந்தா மேனேஜரைப் பாக்கணும்."

மாமனார் ரயில் டிரைவர்களுக்காக ஜெபம் பண்ணினார் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"மாமா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஜெபத்தால என் வேலை போய்டும் போல இருக்குது. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். நாம ஒவ்வொருத்தர் பேரா ஞாபகப்படுத்தணுமா?"

"அப்பாகிட்ட பேசற பேச்சா இது?" என்றான் கணவன் ஜோசுவா, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஜெபத்துக்கே கணக்குப் பாக்குற காலம்" என்று மாமியார் பெருமூச்சு விட்டாள்.

இன்பராஜ் மட்டும் கோபப்படவில்லை. "பஸ்ஸை நான் யோசிக்கலம்மா. என் தப்புதான். நாளைலேருந்து சின்னதா முடிச்சிடறேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் ஒரு வசனம், நாலே வரி ஜெபம், ஆமென்.

ஹெலனால் நம்ப முடியவில்லை. இவ்வளவு நேரம் மிச்சம். டீயை ஊற்றிக்கொண்டு நாற்காலியை இழுத்தாள்.

"ஹெலன், என் ஐடி கார்டு எங்க?" என்றான் ஜோசுவா.

டீயை வைத்துவிட்டுப் போய்த் தேடினாள். அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அம்மா, ஜடை போடு" என்று ரிப்பனோடு வந்து நின்றாள் மகள் தமிழினி.

"ஹெலனு, சக்கரை மாத்திரை எடுத்துக் குடு. அப்படியே வெந்நி ஒரு டம்ளர்" என்றாள் மாமியார்.

"இந்தச் சட்டைய ஒரு தேய் தேய்ச்சுடேன், ப்ளீஸ்" என்று மறுபடியும் ஜோசுவா.

டீயில் ஆடை படிந்து, ஆறி, அப்படியே கிடந்தது. அன்றும் பஸ்ஸுக்கு ஓட்டம்தான்.

அந்த வாரம் முழுக்க அதே கூத்து. ஜெபம் குறையக் குறைய வேலை ஜாஸ்தியானதே தவிர, கம்மியாகவில்லை. வெள்ளிக்கிழமை, ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கையில் தமிழினியின் ஷூ என்று நடுக்கூடத்தில் நின்றாள் ஹெலன். ஜோசுவா உள்ளேயிருந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் பாயில வந்து உக்காருங்க" என்று இன்பராஜின் குரல் கேட்டது. "ஜெபம் பண்ணணும்."

ஹெலனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்பதானே பண்ணோம் மாமா. மறுபடியுமா?"

"வாம்மா. பஸ் போகாது, நேரத்தை நான் பாத்துக்குறேன்."

ஜோசுவா கேட்டதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். தமிழினி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு அடங்கினாள். ஷூவை ஓரமாக எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஹெலனும் உட்கார்ந்தாள்.

வீடு கப்சிப் என்று ஆனது.

அவள் கண்ணை மூடப் போனபோது, கையில் ஏதோ சுட்டது. டம்ளர் நிறைய டீ. இன்பராஜ் குனிந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ கண்ணை மூட வேணாம். இதைக் குடி."

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி அவர் மெல்லச் சொன்னார்.

"இவங்களுக்கு நான் சொல்லிப் பாத்துட்டேம்மா, கேக்கல. ஜெபம்னா மட்டும்தான் உன்னை யாரும் கூப்பிட மாட்டேங்குறாங்க. நீ கொஞ்ச நேரம் உக்காரட்டும்னுதான் தினமும் இழுத்துக்கிட்டே போனேன்."